ராஜிக்குச் சம்மதம்

கோட்டை, திருவனந்தபுரம்
ஜூன் 23

அன்புள்ள வீரபாண்டி சார்,

வணக்கம். புதுத் தலைமை ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஷாலு மேடம் நம் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டு, மாதம் ஒரு கடிதமாவது ஒருவருக்கொருவர் எழுத வேண்டும், அதுவும் கையால் எழுத வேண்டும் என்று சொன்னபோது, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று மனசுக்குள் சிரித்தேன். இப்போது நானே முதலில் எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்கள் போனக்காட்டு மலையில் போனும் கிடைக்காது. வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

பழவங்காடிக்குப் பின்னால், சாலைக் கடைத்தெருவை ஒட்டி எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம். ஏழாம் வகுப்பு வரை இருக்கிறது. மூட்டை தூக்குகிறவர்கள், ஹோட்டல் வேலை செய்கிறவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். இத்தனை வருஷமும் வேறொரு பள்ளியில் சயன்ஸ் டீச்சராக இருந்தேன். பிள்ளைகள் முன்னால் நின்றால் எனக்கு வேறு நினைப்பே வராது. இங்கே எச்.எம். அறையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் மாதிரி இருக்கிறது. எழுந்து வராந்தாவில் நடக்கிறேன். நான் நடந்தால் வகுப்புகளில் சத்தம் அடங்குகிறது. ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தால் அங்கேயும் பேச்சு நின்றுபோகிறது. திரும்ப வந்து உட்காருகிறேன், திரும்ப எழுந்திருக்கிறேன்.

ஸ்ரீகண்டன் சார் என்று ஒருவர், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். நான் வரும்வரை அவர்தான் பொறுப்பு எச்.எம். பதவி உயர்வு வரிசையில் என் பெயர் அவருக்கு மேலே இருந்தது, நான் செய்த குற்றம் அவ்வளவுதான். என் மேஜை இழுப்பறையில் இன்னும் அவருடைய கண்ணாடிக் கூடு கிடக்கிறது. எடுத்துக் கொடுத்தால் துரத்துகிற மாதிரி ஆகும், கொடுக்காமலிருந்தால் அமுக்கிக்கொண்ட மாதிரி ஆகும். நான் எது சொன்னாலும் "நோக்காம் டீச்சரே" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பார்க்கலாம், பார்க்கலாம் என்று மூன்று வாரம் போய்விட்டது.

தலைமை தலைமை என்று பயிற்சியில் ஆயிரம் ஸ்லைடு போட்டார்கள். ஒரு மனுஷர் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு ஸ்லைடும் போடவில்லை. எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ராஜஸ்ரீ


போனக்காடு
ஜூன் 30

டீச்சருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை விதுராவிலிருந்து வருகிற பஸ்ஸில் கண்டக்டர் கொண்டுவந்தார். "சாருக்குக் காதல் கடிதமா?" என்று கேட்டார். "ஆமாய்யா, ரெண்டு எச்.எம். சேந்து பொலம்புற காதல்" என்றேன்.

என் ராஜ்ஜியத்தைக் கேளுங்கள். இங்கே எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். படித்த பள்ளிக்கே எச்.எம். ஆகிவிட்டான் வீரபாண்டி என்று லயத்தில் எல்லாருக்கும் பாயசம் ஊற்றினார் என் அத்தை. நான், ஒரு டீச்சர், சமைக்கிற அக்கா, இவ்வளவுதான் என் ஸ்டாஃப் மீட்டிங். மழை பெய்தால் பஸ் வராது. பஸ் வராவிட்டால் டீச்சர் வரமாட்டார். அன்றைக்கு எல்லா வகுப்பும் நான்தான், மணி அடிப்பதும் நான்தான், பிள்ளைகள் காலில் ஏறின அட்டையைப் பிடுங்குவதும் நான்தான். நாற்காலியில் உட்கார நேரமில்லை என்பதால் அது என்னைக் குத்துவதில்லை. சாயங்காலம் ஆனால்தான் கொஞ்சம்... அது கிடக்கட்டும்.

உங்கள் ஸ்ரீகண்டன் சார் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய வகுப்பில் போய் உட்காருங்கள். முதல் நாளே அவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக இருங்கள். முக்கியமாக, வாயைத் திறக்காதீர்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு, அவரிடம் மட்டும், முதலில் நன்றாக இருந்ததைச் சொல்லி, அப்புறம் மற்றதைச் சொல்லுங்கள். நமக்கெல்லாம் வாய்தான் டீச்சரே எமன். பயிற்சியில் நீங்கள் பேசிய பேச்சைக் கேட்டவன் என்பதால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

வீரபாண்டி


கோட்டை
ஜூலை 14

வீரபாண்டி சார்,

உங்கள் பேச்சைக் கேட்டுப் போய் உட்கார்ந்தேன். இப்போது பள்ளிக்கூடம் தீப்பிடித்து எரிகிறது. திருப்திதானே?

நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் அனுஷா என்று ஒரு பெண். அச்சடித்த மாதிரி கையெழுத்து. தினமும் காலையில் ஸ்ரீகண்டன் சார் ஒரு துண்டுத் தாளில் ஒரு நல்ல வாக்கியம் எழுதிக் கொடுப்பார், அவள் அதைப் போர்டில் எழுதுவாள். வெளியிலிருந்து யார் வந்தாலும் அவளைக் கூப்பிட்டு எழுதச் சொல்லிக் காட்டுவார்கள். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். அவள் தாளைப் பார்த்துப் பார்த்து எழுதிய விதத்தில் எனக்கு என்னமோ உறுத்தியது. எழுதி முடித்துத் திரும்பினாள். "எழுதினதை வாசி அனுஷா" என்றேன்.

வாசிக்கவில்லை. திரும்பச் சொன்னேன். போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் சொல்லையாவது வாசி என்றேன். முதல் எழுத்தைக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை சார். வகுப்பு சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது. "ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு எழுத்து தெரியல்லே, இது உங்களுக்குத் தெரியாதா சார்? இத்தனை நாள் என்ன பண்ணிண்டிருந்தேள்?" என்று அங்கேயே, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அவர் சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவர்தான். மறுநாளிலிருந்து மெடிக்கல் லீவு. ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் அவர் பக்கம். நான் உத்தரவு போட்டால் செய்கிறார்கள், ஆனால் செத்த வீட்டில் வேலை செய்கிற மாதிரி செய்கிறார்கள். இந்த எச்.எம். வேண்டாம் என்று கல்வி அதிகாரிக்கு மனு போகிறதாம், கையெழுத்து வாங்குகிறார்களாம். நான் கேட்டதில் என்ன தப்பு? உண்மையைத்தானே கேட்டேன்?

போதாததற்கு, சனிக்கிழமை இரண்டாம் கட்டப் பயிற்சிக்கு நீங்கள் வரவே இல்லை. உங்களிடம் பேசலாம் என்றுதான் நான் வந்தேன். பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க இருந்தேன். ஜோடி என்று வாய்த்தவர் இப்படி.

ராஜஸ்ரீ


போனக்காடு
ஜூலை 21

டீச்சர்,

போய் உட்காருங்கள் என்று சொன்னேன், சரி. அவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொன்னேன், வாயைத் திறக்காதீர்கள் என்றும் சொன்னேன். பாதி மருந்தைக் குடித்துவிட்டு வைத்தியனை வைகிற கதையாக இருக்கிறது. உண்மையைக் கேட்டீர்களாம். உண்மையைத் தனியாகக் கேட்டால் என்ன, அது ஓடியா போய்விடும்?

இதற்குமேல் எழுதினால் நானும் வாய்விட்டுவிடுவேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஸ்ரீகண்டன் சாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை என்ன ஆனாள்?

வீரபாண்டி


கோட்டை
ஆகஸ்ட் 4

வீரபாண்டி சார்,

உங்களுக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். வைராக்கியம் எல்லாம் போய்விட்டது. என் தலைமேல் இடி விழுந்திருக்கிறது, அந்த இடியை நானே கூப்பிட்டு இறக்கியிருக்கிறேன்.

எங்கள் பி.டி.ஏ. தலைவர் சுடலைக்கண்ணு, சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷர். சண்டை வேண்டாம் என்று அவர்தான் ஓடியாடி கல்வி அதிகாரியின் அறையில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். அதிகாரி மலையாளி. தமிழ் பாதி புரியும். ஸ்ரீகண்டன் சார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் சுடலைக்கண்ணு எழுந்தார்.

"டீச்சர், நம்ம ஊர்ல வாய்த்தகராறு வந்தா என்ன செய்வாங்க? நாலு பேரு முன்னால ராஜியாப் போயிருவாங்கள்லா? நீங்களும் ராஜியாப் போங்க. என்ன சொல்லுதீங்க?"

எனக்கும் திருநெல்வேலி ரத்தம்தானே. ராஜி என்றால் எங்களுக்குச் சமாதானம். அண்ணன் தம்பி சண்டை ராஜியாயிற்று, வாய்க்கால் வரப்புத் தகராறு ராஜியாயிற்று என்று கேட்டு வளர்ந்த காது. "ராஜிக்கு எனக்குப் பூரண சம்மதம். இன்னிக்கே ஆகட்டும். இந்தத் தலைவேதனை விட்டாப் போறும்" என்றேன்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "டீச்சர் சம்மதிச்சோ?" என்றார். "சம்மதிச்சு" என்றேன் நான், பெருந்தன்மையாக. கிளார்க் மலையாளத்தில் மினிட்ஸ் எழுதி நீட்டினார். நான் கல்யாணம் ஆகித்தான் இந்த ஊருக்கு வந்தேன். பேசத் தெரியும். வேலைக்கு வேண்டிய மலையாளப் பரீட்சையையும் மனப்பாடம் பண்ணிப் பாஸ் செய்தேன். கையால் சுருட்டி எழுதின கூட்டெழுத்து எனக்குப் படிக்க வராது. ஸ்ரீகண்டன் சார் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுத்துக்கூட்ட முடியுமா? வாசிக்கிற மாதிரி மேலிருந்து கீழே கண்ணை ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

போன வாரம் கையால் எழுதி வந்த நோட்டீஸை என் கணவர் ஸ்ரீநிவாஸ்தான் வாசித்தார். "ஏண்டி, எச்.எம். வேலைய ராஜி வெச்சுட்டயா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?" என்றார். நம் ராஜினாமாவைத்தான் மலையாளத்தில் ராஜி என்பார்கள் என்று எனக்கும் தெரியும் சார். தினம் பேப்பரில் வருகிறது. ஆனால் அந்த அறையில் நான் கேட்டதும் சொன்னதும் தமிழ், அதனால் எனக்கு உறைக்கவே இல்லை. எச்.எம். பதவியை விட்டுவிட நான் சம்மதித்ததாக மினிட்ஸில் இருக்கிறதாம், என் கையெழுத்தோடு. ஆகஸ்ட் 14-க்குள் அதை முறையாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நான் பழையபடி டீச்சராகிவிடலாம். பொறுப்பு ஸ்ரீகண்டன் சாருக்கு.

அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். இரண்டு ராஜியும் அவருக்குத் தெரியும். என் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் மட்டும். நோட்டீஸ் வந்த அன்று ராத்திரி ஜூனில் இங்கே வந்ததிலிருந்து முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் அதை நினைத்துப் பயந்துபோனேன். தவறுதலாகச் சொன்னதாகப் போய்ச் சொல்லலாம். பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டு என் சயன்ஸ் வகுப்புக்கும் போகலாம். எது என்று தெரியாமல் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில் நடந்துகொண்டே இருக்கிறேன். ஆட்டோவில் ஏறினால்கூடப் பாதி வழியில் இறங்கி நடக்கிறேன்.

ராஜஸ்ரீ


போனக்காடு
ஆகஸ்ட் 8

டீச்சருக்கு,

முதலில் மன்னிப்பு. சிரித்துவிட்டேன். சமைக்கிற அக்கா கரண்டியோடு ஓடிவந்து சாருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பார்த்தார். "இன்னிக்கே ஆகட்டும்" என்றீர்களே, அங்கேதான் தாங்க முடியவில்லை. அந்த அதிகாரி தன் சர்வீஸில் இவ்வளவு சந்தோஷமாக ராஜி வைத்த ஆளைப் பார்த்திருக்க மாட்டார்.

சிரிப்பு முடிந்தது. இருப்பதா போவதா என்று நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் போன கடிதத்தில் ஒன்று கேட்டேன், நீங்கள் பதில் எழுதவில்லை. அனுஷா பள்ளிக்கு வருகிறாளா? எனக்கென்னவோ வரவில்லை என்று தோன்றுகிறது. வந்திருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள்.

அந்தப் பிள்ளை எழுதுவாள், வாசிக்கத் தெரியாது. நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள், வாசிக்க மாட்டீர்கள். வாசிக்கத் தெரியாது என்று வெளியே சொல்ல இரண்டு பேருக்கும் வெட்கம். நீங்கள் முழித்தபோது உங்களைப் பார்த்துச் சிரிக்க அந்த அறையில் ஒரு வகுப்பு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கோபம் வந்தால் கிழித்துப் போடுங்கள்.

பதவியை விட்டாலும் சரி, இருந்தாலும் சரி, அவளைப் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் செய்யுங்கள்.

வீரபாண்டி


கோட்டை
ஆகஸ்ட் 15

அன்புள்ள வீரபாண்டி சார்,

கிழித்துப் போட்டேன். அரை மணி நேரம் கழித்துத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி மறுபடி வாசித்தேன். அனுஷா அன்றைக்குப் பிறகு வரவே இல்லை. வருகைப் பதிவேட்டில் தினமும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதையும் பார்க்காமல்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வீட்டைத் தேடிப் போனேன். சாலைக்குப் பின்னால் ஓடையோரம் ஓர் அறை. அவள் அம்மா இசக்கியம்மாள் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் காய்கறி நறுக்குகிறாள். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லவில்லை.

"மனுவுல கையெழுத்துப் போடுன்னு சாரு வந்தாரு. இப்போ நீங்க வந்திருக்கிய. எம் பிள்ளைக்குப் படிப்பு வரலங்கதுக்கு ஆளாளுக்குச் சாட்சி கேக்க வாரிய. சொல்லிக்குடுக்க ஒருத்தரும் வரல" என்றாள்.

அனுஷா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இனிமே என்னயப் போர்டுல எழுத விடமாட்டீங்கள்லா டீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே பெருமை அந்தப் போர்டுதான் சார். அதை நான் பிடுங்கியிருக்கிறேன். மற்றப் பிள்ளைகள் சிரித்ததைக்கூட அவள் சொல்லவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்து அந்த நோட்டீஸை எடுத்து அவளிடம் காட்டினேன். "இது எனக்கு வந்த காகிதம். எனக்கே வாசிக்கத் தெரியலே" என்றேன்.

"பொய்."

"சத்தியமா. பாரு." முதல் வரியை எழுத்துக்கூட்டினேன். ப்ர, ப்ரதா, த்ய, என்று கூட்டெழுத்தில் இடறி இடறி விழுந்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கிட்டே வந்து உட்கார்ந்து ரகசியமாகச் சொன்னாள்: "எனக்கும் இப்படித்தான் டீச்சர். எல்லா எழுத்தும் ஒண்ணு போலயே இருக்கும். நான் எழுதல, பாத்து வரைஞ்சிருவேன்."

இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ நீங்க யாருகிட்ட போய்ப் படிப்பீங்க?" என்று கேட்டாள்.

அங்கிருந்து நேரே ஸ்ரீகண்டன் சார் வீட்டுக்குப் போனேன். என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். நோட்டீஸை நீட்டி, "சார், இதை எனக்கு வாசிச்சுச் சொல்லணும். எனக்கு மலையாளம் கையெழுத்து படிக்க வராது. அன்னிக்கும் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றேன். நான் கேலி பண்ணுகிறேன் என்று முதலில் நினைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கி வாசித்தார். ராஜி என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

"எனக்கு அன்னிக்கே மனசிலாயி, புரிஞ்சுபோச்சு டீச்சர்."

"ஏன் சார் சொல்லல்லே?"

"போனாப் போகட்டும்னு தோணித்து." தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார், ஆனால் மறைக்கவில்லை.

"எனக்கும் அப்படித்தான் தோணித்து" என்றேன். "பிள்ளைகள் முன்னால உங்களை அப்படிக் கேட்டது தப்பு சார். மன்னிச்சுக்கணும். ஆனா கேட்ட விஷயம் தப்பில்லே."

அவர் நோட்டீஸை மடித்து என்னிடம் கொடுத்தார். பிறகு சொன்னார்: "அனுஷாவுக்கு வாசிக்க வராதுன்னு எனக்குத் தெரியும் டீச்சர். போன வருஷமே தெரியும். ரெண்டு மூணு வழி நோக்கினேன், பற்றியில்லா, முடியல்லே. அப்புறம் ஆரோட போய்ச் சொல்றது? சொன்னா, இத்தனை நாள் என்ன பண்ணிண்டிருந்தேன்னு கேப்பா. டீச்சரும் அதுதானே கேட்டது?"

எனக்கு அறைந்த மாதிரி இருந்தது. அவர் பொறுப்பு எச்.எம்.மாக இருந்தபோதும் அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. நான் வந்தேன், வந்ததும் அவர் பயந்தபடியே நடந்துகொண்டேன்.

மறுநாள் இருவருமாக அதிகாரியிடம் போனோம். இரண்டு ராஜியையும் ஸ்ரீகண்டன் சார்தான் விளக்கினார். மனுவையும் திரும்ப வாங்கிக்கொண்டார். அதிகாரி சிரித்துவிட்டு, தொடர்ந்து இருக்க விருப்பம் என்று எழுதித் தாருங்கள் என்றார். மலையாளத்தில் நானே எழுதினேன். எழுதினதை ஒவ்வொரு எழுத்தாக அங்கேயே சத்தமாக வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கட்டும்.

நேற்று அனுஷா வந்தாள். போர்டில் ஒரே ஒரு சொல் எழுதினாளாம், அவளும் லீவு முடிந்து வந்த சாரும் சேர்ந்து அதை வாசித்தார்களாம். நான் போகவில்லை. கால் துடித்தது, ஆனாலும் என் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் இருக்கப்போகிறேன் சார். உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

ராஜஸ்ரீ


போனக்காடு
ஆகஸ்ட் 21

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த டீச்சரு நல்லா இருக்கட்டும்" என்றார். நானும் அதையே சொல்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார உங்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

இனி நான் ஒன்று சொல்ல வேண்டும். ஜூலையில் அந்தச் சனிக்கிழமைப் பயிற்சிக்கு நான் வராததற்குக் காரணம், முதல் நாள் எங்கள் கல்வி அதிகாரி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எச்.எம். பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பயிற்சிக்கு வந்து எந்த முகத்தோடு உட்காருவது? நான் வைத்ததும் ராஜிதான். உங்கள் திருநெல்வேலி ராஜி இல்லை, மலையாள ராஜி. ஒவ்வொரு எழுத்தையும் வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அந்த ஆள் நான்தான்.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பிழைப்புக்காகக் குடும்பங்கள் கீழே இறங்கிப் போகின்றன. ஒவ்வொரு வருஷமும் பெஞ்சு காலியாகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, ஏன் பிள்ளைகள் குறைந்தார்கள் என்று கேட்கிறார்கள். நானா லயத்தைக் காலி பண்ணினேன்? மனைவியும் மகளும் நெடுமங்காட்டில் இருக்கிறார்கள். நாலு மணிக்குப் பிள்ளைகள் போனால் மறுநாள் காலைவரை பேச ஆள் கிடையாது. அலுவலகத்திலிருந்து காகிதம் மட்டும் வரும். எத்தனை முட்டை, எத்தனை சீருடை, எத்தனை வகுப்பில் சைபர். எப்படி இருக்கிறாய் என்று ஒரு காகிதமும் கேட்டதில்லை. எங்கள் லயத்துக்காரன் எச்.எம். என்று இன்னும் பெருமைப்படுகிற அத்தையிடம் இதைச் சொல்ல முடியுமா?

மாதக் கடைசிக்குள் வேண்டுமானால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கிளார்க் சொன்னார். வாங்கப் போவதில்லை. செப்டம்பரிலிருந்து வேறு எங்காவது சாதாரண வாத்தியார். இந்தப் பள்ளிக்கு வேறு எச்.எம். வருவாரோ, பூட்டுப் போடுவார்களோ, தெரியாது. உங்களிடம் மறைக்க வேண்டும் என்று இல்லை. நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஜோடிக் கடிதம் எச்.எம்.களுக்குத்தானே, அதனால் இதுவே கடைசி.

வீரபாண்டி


விதுராவிலிருந்து மலை ஏறும் பஸ்ஸில்
ஆகஸ்ட் 26

வீரபாண்டி சார்,

பஸ் குலுங்குகிறது, எழுத்து கோணல்மாணலாக இருக்கும். வாசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. என் கடிதங்களில் என்ன எழுதினேன் என்று இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். நான், என் நாற்காலி, என் ஸ்ரீகண்டன் சார், என் தூக்கம். நீங்கள் ஏன் பயிற்சிக்கு வரவில்லை என்று கேட்கக்கூடத் தோன்றாமல், வராததற்குத் திட்டினேன். எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது. உங்கள்மேலும் வருகிறது. எல்லாரும் பிள்ளைகளைத்தான் எண்ணுகிறார்கள், என்னைக் கேட்பாரில்லை என்று எனக்கு ஒரு வரி எழுத என்ன கேடு உங்களுக்கு? கேட்டால்தான் சொல்வேன் என்று நீங்கள் இருப்பீர்கள், சொன்னால்தான் தெரியும் என்று நான் இருப்பேன், அதற்குள் மாதம் முடிந்துவிடும்.

இன்று லீவு போட்டேன். ஸ்ரீகண்டன் சாரிடம் பள்ளிக்கூடத்தை ஒப்படைத்துவிட்டு, விடியும் முன்னால் தம்பானூரில் பஸ் ஏறினேன். விதுராவில் ஒரு கூடைக் காய்கறியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் உங்கள் சமையல் அக்காதானாம். "சாரு ராத்திரி சரியா சாப்புடுறதே இல்ல" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார். இதையும் நீங்கள் எழுதவில்லை.

எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்குங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அது உங்கள் இஷ்டம். என்னிடமும் நீங்கள் அப்படித்தானே சொன்னீர்கள். திரும்பிப் போகிற பஸ் சாயங்காலம்தான். அதுவரை நீங்கள் பேசுங்கள், நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

இதை அக்காவின் கையில் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, கேட்டுக்கு வெளியே நிற்கப்போகிறேன். பாதி மலை ஏறினபிறகு மழை பிடித்துக்கொண்டது, குடை எடுத்துவர மறந்துவிட்டேன். சீக்கிரம் வந்து கேட்டைத் திறங்கள்.

ராஜஸ்ரீ